பதினேழாம் நாள்

தருமபுரியிலிருந்து சேலம் போகிற 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, நல்லம்பள்ளியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தொப்பூர் கணவாய்க்குள் இறங்குகிறது. வடக்கேயிருந்து பாரம் ஏற்றிவரும் லாரிகளுக்கு அது நீண்ட இறக்கம். டீசலை மிச்சம் பிடிக்க வண்டியை நியூட்ரலில் உருட்டும் ஓட்டுநர்களும் உண்டு. பிரேக் சூடேறிப் பிடிப்பை விட்டுவிட்டால் முன்னால் போகிற கார், வேன், பைக் எதுவும் தப்பாது. 2020 டிசம்பர் 12 அன்று இந்தக் கணவாயில் ஒரு லாரி அடுத்தடுத்துப் பல வண்டிகளில் மோதி நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24 அன்று மறுபடி நான்கு பேர். சாலையை எப்படிச் சீராக்குவது என்பதைப் பொறியாளர்கள் பார்க்கட்டும். இந்த அத்தியாயம் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்த வீடுகளைப் பற்றியது.

தமிழ்நாட்டில் 2022இல் மட்டும் சாலை விபத்துகளில் 17,884 பேர் இறந்ததாக மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. ஓர் இறப்பு எத்தனை பேரைத் துக்கத்தில் தள்ளும் என்று கோவிட் காலத்தில் அமெரிக்கச் சமூகவியலாளர்கள் கணக்கிட்டார்கள். தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தார், துணை, பிள்ளைகள் என்று நெருங்கிய உறவை மட்டும் எண்ணினாலே ஏறக்குறைய ஒன்பது பேர். பங்காளி, மாமன் மச்சான், கூட வேலை பார்த்தவர், கூடப் படித்தவர் யாரும் அந்தக் கணக்கில் இல்லை. அந்த ஒன்பதை அப்படியே இங்கே வைத்தாலும், சாலைச் சாவு ஒன்றினால் மட்டும், ஒரே மாநிலத்தில், ஒரே ஆண்டில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வருகிறது. இவர்களுக்கு யார், எப்போது, என்ன செய்வது?

நம் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டுக்கு முதல் பதினாறு நாளும் ஆள் இருக்கும். சேதி சொல்லப் பங்காளிகள் கிளம்புவார்கள். வாசலில் பந்தல், வாடகை நாற்காலி, மேளம், முச்சந்தியில் கண்ணீர் அஞ்சலி. அந்த வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டிலிருந்தும் உறவுக்காரர் வீட்டிலிருந்தும் சோறு வரும். பிறகு பால் ஊற்றுவது, பிறகு காரியம். சாதிக்குச் சாதி நாள் மாறும். ஒன்பது, பதினொன்று, பதிமூன்று, பதினாறு என்று எதுவாகவும் இருக்கலாம். காரியம் முடிந்த அன்று வந்தவர்கள் "போய்ட்டு வரோம்" என்று சொல்லாமல் எழுந்து போவார்கள், சாவு வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது. மறுநாள் காலை அந்த வீட்டில் மாலை போட்ட போட்டோ ஒன்று இருக்கும், அதன் முன்னால் ஒரு விளக்கு இருக்கும், அந்த வீட்டு மனுஷர்கள் மட்டும் இருப்பார்கள்.

துக்கம் பற்றி அறுபது எழுபது ஆண்டுகளாக நடந்திருக்கும் ஆராய்ச்சியைப் படித்த பிறகு எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். முதல் பதினாறு நாளுக்கு நம் ஊர் செய்து வைத்திருக்கும் ஏற்பாட்டில் உளவியலாளர்கள் புதிதாகச் சேர்க்க அதிகம் இல்லை. பதினேழாம் நாளிலிருந்துதான் நம்மிடம் ஏற்பாடே இல்லை. ஆராய்ச்சி சொல்லும் அபாயங்களில் பெரும்பாலானவை இருப்பதும் அந்தப் பக்கம்தான்.

மூளையிலிருந்து தொடங்கலாம். காலையில் கை தானாக இரண்டு டம்ளரை எடுத்து வைக்கிறது. சாயங்காலம் வாசலில் அவருடைய பைக் வந்து நின்ற சத்தம் கேட்கிறது. எழுந்து போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. "எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சோ" என்று பயந்து, இதை வெளியில் சொல்லாமலே வைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. அது பேதலிப்பு இல்லை. நார்வேயில் நரம்பியலாளர்களான மோசர் தம்பதியின் ஆய்வகத்திலிருந்து 2013இல் ஓர் ஆய்வு வந்தது. எலி ஓடித் திரியும் பெட்டியில் ஒரு பொருளை வைத்தார்கள், பிறகு எடுத்துவிட்டார்கள். பொருள் முன்பு இருந்த இடத்துக்கு எலி வரும்போதெல்லாம் அதன் மூளையில் சில நரம்பணுக்கள் சுறுசுறுப்படைந்தன. பொருள் அங்கே இல்லை, ஆனால் இருந்த இடத்துக்கென்று ஒரு நரம்பணு வேலை செய்கிறது. சில நாட்கள் கழித்தும் செய்தது.

அரிசோனா பல்கலைக்கழகத்தின் மேரி பிரான்சிஸ் ஓ'கானர் இந்த எலியைத் துக்கத்தின் மூளைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். இறந்துவிட்டார் என்பது ஒரு தகவல், மூளை அதை அன்றைக்கே வாங்கிக்கொள்கிறது. அவர் இங்கேதான் எங்கோ இருக்கிறார், காத்திருந்தால் வருவார் என்பது இருபது முப்பது ஆண்டு கூட வாழ்ந்ததில் ஊறிய பழக்கம், அது ஒரு தகவலால் மாறாது. அவர் வராத ஒவ்வொரு மாலையும் அந்தப் பழக்கத்துக்கு ஒரு திருத்தம். முதல் பொங்கல், முதல் ஆடிப் பதினெட்டு, ஒகேனக்கலுக்கு அவர் இல்லாமல் போகும் முதல் தடவை, பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் அப்பா கையெழுத்துப் போட வேண்டிய இடம் என்று திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கும். இந்தப் பாடத்தைப் பதினாறு நாளில் யாராலும் படித்து முடிக்க முடியாது.

உடம்பும் சேர்ந்து அடிபடுகிறது. மனைவியை இழந்த 4,486 பிரிட்டிஷ் ஆண்களை காலின் மர்ரே பார்க்ஸும் கூட்டாளிகளும் தொடர்ந்து கவனித்து 1969இல் எழுதினார்கள். எல்லாரும் 54 வயதைத் தாண்டியவர்கள். முதல் ஆறு மாதத்தில் அவர்களிடையே சாவு அதே வயது மணமான ஆண்களைவிட 40 சதவீதம் அதிகம். மாரடைப்பு வந்து பிழைத்தவர்களை வைத்து 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நெருங்கியவர் இறந்த முதல் நாளில் மாரடைப்புக்கான வாய்ப்பு வழக்கத்தைப்போல் 21 மடங்கு என்று தெரிந்தது. அடுத்தடுத்த நாட்களில் அது படிப்படியாக இறங்குகிறது. துக்க அதிர்ச்சியில் இதயத் தசை திடீரெனத் தளர்ந்துபோகும் டாக்கோட்சுபோ என்ற நிலையை 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்தார்கள். நெஞ்சு வெடித்துச் செத்தான் என்று நம் கிழவிகள் சொல்லும் கதைகள் எல்லாவற்றையும் சும்மா தள்ளிவிட முடியாது.

இதிலிருந்து சாவு வீட்டுக்குப் போகிற எவரும் எடுத்துக்கொள்ளக்கூடிய வேலை ஒன்று உண்டு. அந்த வீட்டில் பிரஷருக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடும் பெரியவர் இருப்பார். கூட்டத்திலும் அழுகையிலும் இரண்டு நாளாக மாத்திரை போயிருக்காது. இன்சுலின் டப்பா எங்கே என்று யாருக்கும் தெரியாது. அதை ஒருவர் பொறுப்பெடுத்துக்கொண்டு வேளைக்குக் கொடுத்தால், மாலையும் ஃபிளெக்ஸும் செய்யாத காரியத்தை அவர் செய்தவராவார்.

எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969இல் எழுதிய நூலிலிருந்து ஐந்து கட்டங்கள் உலகம் முழுக்கப் பரவின: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. அவர் பேட்டி கண்டது சாகப்போகும் நோயாளிகளை. பிற்பாடு அது அவர்களை இழந்தவர்களுக்கும் ஒரு கால அட்டவணையாகிவிட்டது. யேல் பல்கலைக்கழகத்தினர் 233 பேரைத் தொடர்ந்து கேட்டு 2007இல் வெளியிட்ட ஆய்வில், இறந்துவிட்டார் என்பதை ஏற்கும் மனம் முதல் மாதங்களிலேயே மற்ற எல்லாவற்றையும்விட ஓங்கி இருந்தது. துன்ப உணர்வுகளில் முதலிடம் ஏக்கத்துக்கு. கோபமும் சோர்வும் அதற்குக் கீழேதான். அந்த ஆய்விலும் ஒரு குறை உண்டு, இயற்கையாக இறந்தவர்களின் உறவினர்களையே அது எடுத்துக்கொண்டது. கணவாயில் போன உயிர்களுக்கு அது அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். கட்டங்கள் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடலாம். "இன்னும் உங்களுக்குக் கோபமே வரலையே" என்று யாரையும் விசாரிக்கத் தேவையில்லை.

இதைவிட உறுதியான மூடநம்பிக்கை நம் சினிமாவில் இருக்கிறது. கணவன் பிணம் வந்திருக்கும். அவள் அழாமல் வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். "அழுதுடும்மா, அழலைன்னா பைத்தியம் பிடிச்சுடும்" என்று ஒரு கிழவி உலுக்குவாள், இன்னொருத்தி கன்னத்தில் அறைவாள். இதை நிஜ வீட்டிலும் செய்கிறார்கள். ஜார்ஜ் பொனானோவும் சகாக்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் முக்கியம், ஏனென்றால் துணை இறப்பதற்கு முன்பே அந்தத் தம்பதிகளைப் பேட்டி எடுத்து வைத்திருந்தார்கள். பின்னர் துணையை இழந்த 205 பேரில் 46 சதவீதம் பேர் ஆரம்பத்திலிருந்தே பெரிதாக நொறுங்கவில்லை, பதினெட்டு மாதம் கழித்தும் நன்றாகவே இருந்தார்கள். அடக்கி வைத்த துக்கம் பின்னால் வெடிக்கும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. அவர்கள் அன்பில்லாதவர்களும் இல்லை. அழுகிறவரை அழவிட வேண்டும், அழாதவரையும் அப்படியே விட்டுவிட வேண்டும்.

நெதர்லாந்தின் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஸ்கூட் இருவரும் 1999இல் சொன்ன விளக்கம்தான் நான் பார்த்த வீடுகளுக்கு அதிகம் பொருந்துகிறது. துக்கத்தில் முங்குவதும், அதிலிருந்து தலையைத் திருப்பிக்கொண்டு அன்றாட வேலையைப் பார்ப்பதும் மாறி மாறி நடக்கும், அந்த ஊசலாட்டமே ஆரோக்கியம் என்றார்கள். காலையில் போட்டோ முன்னால் உட்கார்ந்து அழுத பெண் பதினோரு மணிக்குத் தக்காளிக் கூடைக்கு விலை பேசுவாள். அதைப் பார்த்து "அதுக்குள்ள மறந்துட்டா பாரு" என்கிற வாய்கள் அவளுடைய பாதி மருந்தைப் பிடுங்கிவிடுகின்றன.

நம் சடங்குகளுக்குள் இந்த ஊசலாட்டம் ஏற்கெனவே இருக்கிறது. உள்ளே பெண்கள் வட்டமாகத் தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். பத்தடி தள்ளிப் பந்தலில் ஆண்கள் அரசியல் பேசுவார்கள், பாடைக்கு மூங்கில் வெட்டுவதில் சண்டை நடக்கும், மேளத்துக்கு ஒருவன் ஆடுவான். வெளியூர்க்காரர்களுக்கு இது மரியாதைக் குறைவாகத் தெரியும். ஒப்பாரி வைப்பவளே நடுவில் மூக்கைச் சிந்திவிட்டு "காபி வந்துச்சா" என்று கேட்பாள். தென்னாற்காட்டுப் பக்கம் ஆய்வு செய்த மானிடவியலாளர் இசபெல் கிளார்க் டெஸே 2005இல் தமிழ் ஒப்பாரி பற்றி எழுதிய நூலில், இந்தப் பெண்கள் செத்தவருக்காக மட்டும் அழவில்லை, தங்கள் வாழ்க்கைக்காகவும் அழுகிறார்கள் என்று வாதிடுகிறார். பிறந்த வீட்டில் பட்டது, புகுந்த வீட்டில் பட்டது, கொடுக்காத நகை, கேட்காத அண்ணன் எல்லாம் ஒப்பாரியில் வெளியே வரும். வேறெங்கும் சொன்னால் வீட்டில் ரகளையாகும் விஷயத்தை அன்று ஊரே உட்கார்ந்து கேட்கும், யாரும் மறுக்க முடியாது. இன்றைக்குப் பல வீடுகளில் ஒலிபெருக்கி வைத்து வாடகைக் குழு பாடுகிறது. சத்தம் அதிகம், ஆனால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு வாய் இல்லாமல் போகிறது.

நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் அதியமான்கோட்டை இருக்கிறது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடியவை புறநானூற்றில் இருக்கின்றன. 235ஆம் பாட்டை அறிவியல் கண்ணால் படித்துப் பார்த்தால், அதில் வீரம், வெற்றி என்ற பொதுப் புகழுக்கு முன்னால் சின்னச் சின்னக் காரியங்கள் வருகின்றன. சேர்ந்து குடித்த கள், பகிர்ந்து உண்ட சோறு, தலையைத் தடவிய கை. 232இல் அவனுடைய நடுகல்லுக்குக் கள் படைப்பதைப் பார்த்து, அவன் இதை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறார். இறந்தவனோடு பேச்சு முடியவில்லை.

பிராய்டு 1917இல் எழுதிய கட்டுரையின் தாக்கத்தில், இறந்தவரிடமிருந்து மனதைக் கழற்றி எடுப்பதே துக்கத்தின் வேலை என்று மேற்கத்திய மனநல மருத்துவம் நெடுங்காலம் நம்பியது. 1996இல் டென்னிஸ் கிளாஸ், பிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் மூவரும் தொகுத்த நூல் அதை அசைத்தது. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரும், பெற்றோரை இழந்த குழந்தைகளும் உறவைக் கழற்றுவதில்லை. அதை வேறு வடிவத்தில் வைத்துக்கொள்கிறார்கள், அதனால் அவர்களுக்குக் கெடுதலும் இல்லை. அமாவாசைக்குக் காக்காய்க்குச் சோறு வைக்கிற நமக்கு இது புதுச் செய்தி இல்லை. துக்கம் விசாரிக்கப் போகிறவருக்கு மட்டும் இதில் ஒரு நடைமுறைச் சேதி இருக்கிறது: இறந்தவரின் பெயரைச் சொல்லத் தயங்க வேண்டாம். "நல்ல மனுஷன்" என்று பொதுவாகச் சொல்வதைவிட "போன மாசம் என் வண்டி பஞ்சரானப்போ அவர்தான் நல்லம்பள்ளி வரைக்கும் தள்ளிக்கிட்டு வந்தார்" என்று ஒன்றைச் சொன்னால் அந்த வீட்டுக்கு இதுவரை தெரியாத அவருடைய ஒரு நாள் கிடைக்கிறது.

மற்றபடி என்ன சொல்வது? இந்தக் கேள்விக்கு நான் அறிந்த நல்ல பதில் சாலை விபத்துகளிலிருந்தே வருகிறது. டேரின் லேமன், கமில் வார்ட்மன் குழுவினர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், வாகன விபத்தில் துணையையோ பிள்ளையையோ இழந்து நான்கு முதல் ஏழு ஆண்டுகள் ஆனவர்களைத் தேடிப் பேட்டி கண்டார்கள். இத்தனை ஆண்டு கழித்தும் பெரும்பாலோர் அந்த விபத்தை மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு ஓர் அர்த்தம் கண்டுபிடிக்க முடியவில்லை என்றார்கள். பிறர் செய்ததில் எது உதவியது, எது உதவவில்லை என்றும் கேட்டு 1986இல் வெளியிட்டார்கள். உதவியவை: தன்னைப்போலவே இழந்த இன்னொருவரைச் சந்தித்தது, மனதில் இருப்பதைப் பேச இடம் கிடைத்தது. உதவாதவை: அறிவுரை, சீக்கிரம் தேறிவிடு என்ற நெருக்கடி, இழப்பைச் சின்னதாக்கும் பேச்சு, பலவந்தமான உற்சாகம்.

நம் வீடுகளில் இவற்றுக்கு ஆயத்த வசனங்கள் இருக்கின்றன. "புள்ளைங்களுக்காகவாவது நீ தைரியமா இருக்கணும்." "விதி முடிஞ்சுபோச்சு, நாம என்ன பண்ண முடியும்." "கை கால் போய்ப் படுக்கையில கிடக்காம போனாரே." குழந்தை இறந்த வீட்டில், "வயசு இருக்கு, இன்னொண்ணு பெத்துக்கலாம்." ஹெல்மெட் போட்டிருந்தாரா, குடித்திருந்தாரா, அந்த நேரத்தில் ஏன் கிளம்பினார் என்ற குறுக்கு விசாரணை இதைவிடக் கொடியது. கேட்கிறவருக்கு அது ஆர்வம். கேட்கப்படுகிறவள் ஏற்கெனவே ஆயிரம் முறை தன்னிடம் கேட்டுக்கொண்ட கேள்வி, அன்று தண்ணீர் மோட்டார் வாங்கி வரச் சொல்லி அனுப்பியதே அவளாக இருக்கலாம்.

அந்த ஆய்வின் சுவையான பகுதி இன்னும் இருக்கிறது. இழப்பைச் சந்திக்காத சாதாரண ஆட்களிடம் "இப்படி ஒருவரைப் பார்த்தால் என்ன சொல்வீர்கள்" என்று கேட்டபோது அவர்கள் சரியான பதிலையே சொன்னார்கள். அறியாமை காரணம் இல்லை என்று ஆகிறது. துக்கத்தில் இருப்பவரின் முகத்துக்கு நேராக உட்காரும்போது நமக்கு வரும் பதற்றமே பிழையான வாக்கியத்தைத் தள்ளிவிடுகிறது. பதற்றத்தைக் குறைக்க ஒரு கைவேலை போதும். பாத்திரம் தேய்க்கலாம், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கலாம், பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

படித்த குடும்பங்களில் வேறொரு வழக்கம் பரவியிருக்கிறது: "டாக்டர், ஒரு ஊசி போட்டுத் தூங்க வைங்க." உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டி இதைத் தெளிவாக மறுக்கிறது. மனநோய் எதுவும் இல்லாத துக்கக்காரருக்கு டயசெபாம் வகை மாத்திரைகள் கொடுக்கக் கூடாது. எல்லாருக்கும் பொதுவாகக் கட்டமைத்த மனநல ஆலோசனையும் தேவையில்லை. விபத்து நடந்த சூட்டோடு ஆட்களை உட்கார வைத்து எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லச் சொல்லும் ஒரே அமர்வு ஆலோசனை முறையைப் பற்றியும், ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் திறனாய்வு 2002இல் கை விரித்தது. பலன் இல்லை, சிலருக்குக் கெடுதல்.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு ஆலோசகர்கள் படையெடுத்து வந்ததை அங்கே இருந்தவர்கள் இன்றும் சொல்வார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராஜ்குமார், பிரேம்குமார், தரியன் மூவரும் நாகை மாவட்டத்தில் நான்கு மீனவ ஊர்களில் குழுக்களாக உட்கார்ந்து பேசி 2008இல் எழுதினார்கள். அந்த மக்கள் தங்களைத் தாங்கியவையாகச் சொன்னது ஊர், உறவு, நம்பிக்கை, சடங்கு ஆகியவற்றை. முறையான மனநலச் சேவைகளுக்கு அவர்கள் அவ்வளவு மதிப்புக் கொடுக்கவில்லை. இதைப் படித்து விட்டு மருத்துவமே வேண்டாம் என்று முடிவு கட்டுவது தப்பு. பெரும்பாலோருக்கு ஊர் போதும். ஒரு பகுதியினருக்குப் போதாது.

அந்தப் பகுதி எவ்வளவு? பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017 கணக்கு, இயற்கைச் சாவில் உறவை இழந்த பெரியவர்களில் பத்தில் ஒருவர் என்றது. விபத்து, கொலை, தற்கொலை, பேரிடர் என்று இயற்கையல்லாத சாவுகளை எடுத்துக்கொண்ட 2020 கணக்கில் அது ஏறக்குறைய பாதி. நீடித்த துக்கக் கோளாறு என்று இதற்கு இப்போது மருத்துவப் பெயர் உண்டு. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஆறு மாதத்தைக் குறைந்தபட்ச எல்லையாக வைக்கிறது. அதே ஆண்டு திருத்தப்பட்ட அமெரிக்கப் பட்டியல் பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்கிறது. துக்கத்தை நோயாக்குகிறார்கள் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு, நானும் கொஞ்சம் முணுமுணுத்தவன்தான். ஆனால் பெயர் வந்ததால் சிகிச்சையும் தெளிவாயிற்று. கேத்தரின் ஷியர் பிட்ஸ்பர்கில் உருவாக்கிய பதினாறு அமர்வுப் பேச்சுச் சிகிச்சையில், இறப்புச் செய்தி வந்த நேரத்தைக் கண்மூடித் திரும்பச் சொல்வதும், இறந்தவரோடு மனதில் பேசுவதும், விட்டுப்போன வேலைகளுக்கும் இடங்களுக்கும் படிப்படியாகத் திரும்புவதும் உண்டு. 2005 ஆய்வில் பாதிப் பேர் தேறினார்கள்; வழக்கமான மனச்சோர்வுப் பேச்சுச் சிகிச்சையில் 28 சதவீதம். இந்தச் சிகிச்சையோடு மனச்சோர்வு மாத்திரை சேர்த்தால் துக்கம் கூடுதலாகக் குறைகிறதா என்று 2016இல் பார்த்தார்கள். மனச்சோர்வுக்கு உதவியது, துக்கத்துக்கு இல்லை.

ஆறு மாதம் என்ற எல்லை வேறொரு புத்தகத்திலும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் விபத்து இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதக் காலக்கெடு வைத்தது. அது வழக்குக்கும் போயிருக்கிறது. ஆக, மூளை இன்னும் பைக் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கும் அதே ஆறு மாதத்தில்தான் இறப்புச் சான்றிதழ், எஃப்ஐஆர் நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ், வங்கி, ரேஷன் கார்டு, பட்டா எல்லாவற்றுக்கும் அலைய வேண்டும். ஆதாரில் ஓர் இனிஷியல், குடும்ப அட்டையில் வேறு இனிஷியல் என்றால் மறுபடி முதலிலிருந்து. அடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எது என்றே தெரியாவிட்டாலும், 2022 ஏப்ரல் முதல் இறப்புக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்க வழி உண்டு. அதைச் சொல்ல ஆள் இல்லாததால் பல வீடுகள் கேட்பதே இல்லை. ஸ்ட்ரோபேயும் ஸ்கூட்டும் சொன்ன ஊசலாட்டத்தின் அன்றாட வேலைப் பக்கம் நம் ஊரில் இப்படித்தான் இருக்கிறது: கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஜெராக்ஸ். கணவன் இருக்கும்வரை வங்கிக்குள் நுழைந்திராத ஒரு பெண்ணோடு ஒரு செவ்வாய்க்கிழமை முழுக்கக் கூடப் போய் வருவதைத் துக்கம் விசாரிப்பதாக யாரும் எண்ணுவதில்லை. அதுதான் விசாரிப்பு என்று நான் சொல்வேன்.

யாரை அனுப்புவது என்பதற்கும் சோதித்த பதில் ஒன்று இருக்கிறது. மேலே சொன்ன அதே பிலிஸ் சில்வர்மன் 1960களின் இறுதியில் பாஸ்டனில் ஓர் ஏற்பாடு செய்தார். புதிதாகக் கணவனை இழந்த பெண்ணின் வீட்டுக்கு, சில வாரங்கள் கழித்து, ஏற்கெனவே கணவனை இழந்து நிலைத்துவிட்ட இன்னொரு பெண் போவார். மனநல மருத்துவர் இல்லை, சமூகப் பணியாளர் இல்லை. கனடாவின் டொரான்டோவில் மேரி வாச்சன் இதைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்துச் சோதித்து 1980இல் எழுதினார். அப்படித் துணை கிடைத்தவர்கள் சீக்கிரம் நிலைக்கு வந்தார்கள். மிச்சிகன் பேட்டிகளில் வந்ததும் இதுவே. நம் வழக்கமோ இதற்கு நேர் எதிர். கணவனை இழந்தவள் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று ஒதுக்கிய ஊர்கள் இவை. நல்ல காரியத்துக்கு அவளைக் கூப்பிடாதது மட்டுமில்லை, அவளுக்குத் தெரிந்ததையும் ஊர் கேட்டதில்லை. பதினைந்து வருடம் முன்னால் லாரி அடித்துப் புருஷனைப் பறிகொடுத்து, இரண்டு பிள்ளைகளை நூறு நாள் வேலையிலும் தையலிலும் படிக்க வைத்த அக்காவுக்கு எந்த ஆலோசகருக்கும் தெரியாத விஷயங்கள் தெரியும்.

பிள்ளைகளை நினைத்தால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். "அப்பா ஊருக்குப் போயிருக்காரு", "தூங்குறாரு" என்று சொல்லிச் சின்னப் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிடுகிறார்கள். தூங்குகிறவர் ஏன் எழவில்லை என்று அது தனியாகக் குழம்புகிறது, தூங்கவே பயப்படுகிறது. செத்துப்போனார், இனி வர மாட்டார், உன் தப்பு இல்லை, உன்னைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன் என்று நான்கையும் சொல்லிவிடுவது நல்லது. அமெரிக்காவின் அரிசோனாவில் இர்வின் சாண்ட்லர் குழு, பெற்றோரில் ஒருவரை இழந்த குடும்பங்களுக்குப் பன்னிரண்டு வாரப் பயிற்சி நடத்தியது. மிஞ்சிய பெற்றோருக்குப் பிள்ளையோடு பேசக் கற்றுக்கொடுப்பது அதில் பெரும்பகுதி. ஆறு ஆண்டு கழித்தும் பதினைந்து ஆண்டு கழித்தும் அதன் பலன் அந்தப் பிள்ளைகளிடம் தெரிந்தது.

பூச்சிமருந்து குடித்து இறந்தவரின் வீட்டில் இது எல்லாமே இரட்டிப்பாகிறது. போலீஸ் விசாரணை, ஊர் வாய், "என்ன பிரச்சினை" என்ற கேள்வி. துக்கம் விசாரிக்கவே சிலர் வர மாட்டார்கள், வந்தவர்கள் காரணம் தேடுவார்கள். சென்னையில் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சினேகா இப்படிப்பட்டவர்களின் அழைப்பையும் கேட்கிறது. தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்ற பயம் பலருக்கு. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. கேட்பதால் கேடில்லை, கேட்கப்பட்டவருக்கு ஆசுவாசம் கிடைக்கிறது.

இதற்கெல்லாம் புதிதாக ஒரு துறை தேவையில்லை என்பது என் எண்ணம். 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து வந்த தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை தருகிறார். எந்தத் தெருவில் யார் இறந்தார் என்பது அவருக்குத் தெரியும், அவரே அந்த ஊர்க்காரர். சாவு விழுந்த வீட்டுக்கு மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் போகும்போது கேட்க வேண்டியது நீளமாக இல்லை: ராத்திரி தூக்கம் வருகிறதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, வீட்டை விட்டு வெளியே போய் எத்தனை நாளாகிறது, பேப்பர் வேலை எங்கே நிற்கிறது, அவர் போன இடத்துக்கே நாமும் போய்விடலாம் என்று தோன்றுகிறதா. கடைசிக் கேள்விக்கு "ஆமா" என்று வந்தால் அந்தப் பெண்ணைத் தனியே விட்டுவிட்டு நகரக் கூடாது, அங்கேயே உட்கார்ந்து ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்குப் போன் போட வேண்டும். இரவானால் 14416, டெலி மானஸ், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். மற்ற நான்கையும் அடுத்த மாதம் மாத்திரை கொண்டு வரும்போது மறுபடி கேட்கலாம்.